மடத்திலிருந்து மாடிவீட்டுக்கு

வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் கொடுக்கும்போது, "கூட யாரு வாராங்க சிஸ்டர்?" என்று கேட்டார். நான் இப்போது சிஸ்டர் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். என்றாலும் பல வருடங்களாக எல்லோரும் கூப்பிட்ட அந்தச் சொல் அவர் வாயிலும் தானாக வந்துவிட்டது. "யாரும் இல்லம்மா, நான் மட்டுந்தான்" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மோட்டார் எப்போது போட வேண்டும், குப்பை வண்டி எந்தப் பக்கம் நிற்கும் என்பதையெல்லாம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த மாடிவீடு அது. படி வெளிப்பக்கம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சின்ன அறை, நடுவில் நின்றால் இரண்டு சுவரையும் தொட்டுவிடக்கூடிய குசினி. எங்கள் கடற்கரையில் சமையலறையைக் குசினி என்றுதான் சொல்வோம். நான் கொண்டுவந்தது ஒரு பெட்டியும் ஒரு துணிப்பையும்தான். பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததை எல்லாம் அலமாரியில் வைத்தேன். ஒரு தட்டுகூட நிறையவில்லை.

ஏன் வந்தாய் என்று கேட்காதவர்கள் இல்லை. மடத்தில் சண்டையா என்றார்கள். சிலர் வாய்விட்டுக் கேட்காமல், யாராவது ஆம்பிள்ளை நிற்கிறானா என்பதுபோல் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். இரண்டும் இல்லை. பத்தொன்பது வயதில் கன்னியாஸ்திரி உடுப்புப் போட்டவள் நான். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தேன், பிள்ளைகள் விடுதியைப் பார்த்துக்கொண்டேன். ஒருமுறை டைபாய்டு வந்து வாரக்கணக்கில் படுத்திருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. காலையில் மணி அடித்ததும் எழுந்து நடக்கிறவள் நானல்ல, என் உடுப்புதான். உடம்பு தேறிய பிறகும் அது போகவில்லை. கடவுள்மேல் எனக்கு இருந்த விசுவாசம் அப்படியேதான் இருந்தது. அந்த வாழ்க்கைக்குள் நான்தான் இல்லாமல் போயிருந்தேன். வருடக்கணக்காக அதோடு மல்லுக்கட்டிவிட்டு, அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். எங்கள் மதர் நல்ல மனுஷி. கடைசி நாளன்று இரண்டு கலர் சேலையைக் கையில் கொடுத்து, "வெளியில குளிராது, இருந்தாலும் போத்திக்கோ" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. இருவரும் அழுதோம்.

அண்ணனுக்கு நான் போனில்தான் சொன்னேன். அவன் பெரியதாழையில் வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவன். எனக்கு எட்டு வயது மூத்தவன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு இருந்த ஒரே ஆள். நான் துறவியாக வார்த்தைப்பாடு கொடுத்த நாளிலிருந்து அவன்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாங்க சிஸ்டர்" என்பான். என்னைவிட மூத்தவன் எனக்கு எழுந்து நிற்பான். அன்று போனில் நான் சொல்லி முடித்ததும் வெகுநேரம் காற்றுச் சத்தம்தான் கேட்டது. பிறகு "சரி" என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து போன் வரவில்லை.

வந்தது மதினி. அண்ணன் பெண்டாட்டி. வீட்டுக்குள் நான் நுழைந்த அடுத்த வாரமே, திருச்செந்தூர் வழியாகப் பஸ் மாறி, இரண்டு கையிலும் பையோடு மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். மசாலாப் பொடி, கருவாடு, தேங்காய், பழைய தோசைக்கல், ஒரு நைட்டி. எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மதர் கொடுத்த சேலையில் ஒன்றைக் கட்டியிருந்தேன். தலையில் முக்காடு இல்லாமல், நரைத்த முடியைக் கொண்டைபோட்டு, அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

"சிஸ்..." என்று தொடங்கி நிறுத்தினாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு, "ஏளா, இப்படி வந்து உக்காரு. தலையில எண்ணெயே இல்லயே ஒனக்கு" என்றாள். என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்தாள். என்னை ஒருவர் தொட்டு எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று நினைக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அவள் கவனிக்காததுபோல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணன் என்ன சொன்னான் மதினி?"

"ஒண்ணும் சொல்லல. நான் பையை எடுத்து வைக்கும்போது பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. கருவாட்டுல நல்லதா எடுத்து வைக்கச் சொன்னாரு. அவ்வளவுதான்."

அன்று மதியம் அவள் சமைக்கப் போகும்போது, "ஒனக்கு எந்த மீன் பிடிக்கும்? சொல்லு, தெருவுல வாரவளிட்ட வாங்குவோம்" என்றாள். நான் யோசித்தேன். நிஜமாகவே தெரியவில்லை. மடத்தில் வந்ததைச் சாப்பிட்டோம். பிடித்தது என்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளக்கூடாது என்பதுதான் பழக்கம். அதைச் சொன்னபோது மதினி கையில் கரண்டியோடு திரும்பி நின்றாள். அவள் முகத்தில் இருந்தது இரக்கமா பயமா என்று எனக்குப் புரியவில்லை.

மாலையில் துணிக்கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கேயும் அதே கதைதான். விற்கிற பெண் சேலையை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக்கொண்டே போனாள். நான் சம்மணம்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நிறம் வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் மதினியைப் பார்த்தேன். கடைசியில் மண் நிறத்தில் ஒன்றை எடுத்தேன்.

"சாக்குப்பை மாதிரி இருக்கு" என்றாள் மதினி. "ஒனக்கு எவ்வளவு வயசாச்சுன்னு நெனச்சே?"

அவளே இலைப் பச்சையில் ஒன்றும், கருநீலத்தில் சின்னக் கரை வைத்தது ஒன்றும் எடுத்தாள். அடுத்த தெருவில் தையல்காரம்மாவிடம் ரவிக்கைக்கு அளவு கொடுத்தோம். "கழுத்து எவ்வளவு இறக்கணும்?" என்று அவர் கேட்டார். "இறக்கவே வேண்டாம்" என்றேன். "மூச்சு விடணும்லா" என்றார் அவர், நாடாவை என் கழுத்தில் போட்டபடியே. மதினி சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டுக்கு வந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மதினி ஊருக்குப் போன பிறகு என் பாடு தொடங்கியது. விடுதியில் பெரிய அண்டாவில் எவ்வளவு அரிசி போட வேண்டும், எத்தனை தேங்காய் உடைக்க வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒருத்திக்கு எவ்வளவு என்பது தெரியாது. முதல் வாரம் முழுக்கச் சோறு மிஞ்சியது. தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாளும் அதையே சாப்பிட்டேன். சாம்பார் நாலு பேருக்கு இருந்தது. உப்புப் போட கை போனால் விடுதிக்கான அளவில் போனது. நொந்துபோய் ஒருநாள் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, தெருமுனைக் கடையில் புரோட்டா வாங்கி வந்து, தட்டில்கூடப் போடாமல் தாளிலேயே வைத்துச் சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகுதான், சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்ல மறந்துபோனது நினைவுக்கு வந்தது.

காலையில்தான் பெரிய அவதி. பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. மணி அடிக்க யாரும் இல்லாத வீட்டில் எப்போது எதைச் செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. சேலையைக் கட்டிவிட்டுச் சமைத்தால் முந்தானையில் எண்ணெய் தெறித்தது. சமைத்துவிட்டுக் கட்டினால் கொசுவம் ஒழுங்காக வரவில்லை. வெள்ளைப் பருத்திச் சேலையைக் கண்ணாடி பார்க்காமல் கட்டிப் பழகிய கைக்கு, இந்த வழுவழுப்புத் துணி பிடிபடாமல் நழுவியது. பச்சைச் சேலையை முதல்நாள் கட்டிக்கொண்டு போனபோது வழியெல்லாம் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். காதில், பிடரியில் எல்லாம் காற்று பட்டது. ஏதோ எடுக்காமல் வந்துவிட்டதுபோல் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மதினி கொண்டுவந்த நைட்டி கதவின் பின்னால் தொங்கிக்கொண்டே இருந்தது. கீழே வீட்டுக்காரம்மா நைட்டியும் தோளில் துண்டுமாகக் கடை வரைக்கும் போய்வருவார். எனக்கு அதைப் போட்டுக்கொண்டு துணி காயப்போட வெளியே போகவே கூச்சமாக இருந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் கரித்தூள் கொடியில் கிடக்கும் துணியில் படிந்துவிடும். வெளுத்த துணியை உதறி உள்ளே எடுக்க யாராவது வெளியே போய்த்தான் ஆக வேண்டும். ஒருநாள் முதல்முறையாக அதைப் போட்டுக்கொண்டு சமைத்துக்கொண்டிருக்கும்போது காற்று அடித்தது. நைட்டியில் இருந்ததை மறந்து ஓடிப்போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. அன்றிலிருந்து வீட்டில் அதைத்தான் போட்டுக்கொண்டேன். சமைத்து முடித்த பிறகு சேலை. காலை நேரம் ஒருவழியாக என் கைக்குள் வந்தது.

மெதுவாகச் சில விஷயங்கள் தெரியவந்தன. எனக்குச் சாளை மீன் பிடிக்கும். முள்ளைப் பொறுமையாக எடுத்துத் தின்பதும் பிடிக்கும். உப்புமா பிடிக்காது; இத்தனை வருடம் பிடிக்காமல்தான் தின்றிருக்கிறேன். கருநீலம் எனக்கு நன்றாக இருக்கிறது. இவை பெரிய விஷயங்கள் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் தெரியவரும்போது ஏதோ திருடிவிட்டவள்போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நிறச் சேலையில் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்காருவேன். முன்வரிசையில் சிஸ்டர்கள் வெள்ளையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டே நான் செபம் சொல்வேன். சில வாரங்களில் சொல்ல முடியாமல் வெறுமனே உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அண்ணன் வந்தான்.

அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். பத்திரிகை வைக்க அவனே வருகிறான் என்று மதினி முந்தின நாள் போனில் சொன்னாள். விடியற்காலையிலேயே எழுந்து மீன் வாங்கி, குழம்பு வைத்து, பொரித்து, ரசம் வைத்தேன். எந்தச் சேலையைக் கட்டுவது என்று அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றேன். கடைசியில், எடுத்த நாளிலிருந்து கட்டாமலே வைத்திருந்த மண் நிறச் சேலையைக் கட்டினேன்.

வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகப் படியேறி வந்தவன், வாசலிலேயே நின்றான். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்கும் தெரியவில்லை. "இருக்கியா?" என்றான். உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். சுவரைப் பார்த்தான், மாதா சுருபத்தைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. சோறு போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். மீனை மிச்சம் வைக்காமல் தின்றான். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கை கழுவிவிட்டு வந்து பத்திரிகையை நீட்டினான். அதோடு ஒரு துணிக்கடைப் பையையும் தந்தான்.

"இதையும் வச்சுக்க. நானே எடுத்தேன்."

பிரித்துப் பார்த்தேன். வெள்ளைச் சேலை. சாம்பல் நிறக் கரை. மடத்தில் நாங்கள் கட்டியதுபோலவே இருந்தது. எந்தக் கடையில் தேடி எடுத்தானோ.

"கல்யாணத்துக்கு இதக் கட்டிட்டு வா" என்றான். "ஒரு நாள்தான். சம்பந்தக்காரங்களுக்கு நம்ம வீட்டுல ஒரு சிஸ்டர் இருக்குன்னுதான் சொல்லியிருக்கு. புள்ளைக்கு ஒரு பேச்சு வந்துரக்கூடாது."

"அண்ணே, நான் இப்ப சிஸ்டர் இல்லயே."

"அது எனக்குத் தெரியும். ஒன்னய மடத்துக்குத் திரும்பிப் போன்னா சொல்லுதேன்? சேல தான."

நான் சேலையை மறுபடி பைக்குள் வைத்தேன். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. "வாரேன்" என்று எழுந்து, படியில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினான்.

அவன் போன பிறகு அந்தச் சேலையைக் கட்டிப் பார்த்தேன். கட்டினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கையே கட்டிக்கொண்டது. கொசுவம் நேராக விழுந்தது. தோளில் மடிப்பு நின்றது. கண்ணாடியில் அவன் தங்கை நின்றாள், அவன் எழுந்து நின்று வரவேற்கும் தங்கை. அவளைப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அப்படியே ஒரு நாள் நின்றுவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். அவனுக்காக எதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் கோயிலில் அந்தப் பிள்ளை வார்த்தை கொடுக்கும்போது, நான் விட்டுவந்த வார்த்தையை உடம்பில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். அது மட்டும் என்னால் ஆகாது என்று தோன்றியது. அவிழ்த்து மடித்து, பையில் போட்டு வைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாளே பெரியதாழைக்குப் போனேன். பையை மதினியிடம் கொடுத்தேன். அவள் உள்ளே பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியும்ளா, நீ கட்ட மாட்டேன்னு" என்றாள். "அவருட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ வா, தேங்காய் திருவ ஆள் இல்ல."

மறுநாள் கருநீலச் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலில் பெண்களோடு உட்கார்ந்தேன். அண்ணன் தன் மகளைக் கைபிடித்துக் கூட்டிவந்தான். என்னைக் கடந்து போகும்போது அவன் கண் என் சேலையில் பட்டு, உடனே பீடத்துக்குப் போனது.

பந்தியில் எனக்கு எதிரே பக்கத்து வீட்டுப் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். நான் பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர். கண் சரியாகத் தெரியாமல் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "சிஸ்டர் தான? எங்க ஒங்க வெள்ளச் சேல?" என்று உரக்கக் கேட்டார். சம்பந்தி வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் குழம்பு வாளியோடு இரண்டு இலை தள்ளி நின்றுகொண்டிருந்தான். மதினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"நான் மடத்த விட்டு வந்துட்டேன் பெரியம்மா. இப்ப தூத்துக்குடியில டீச்சரா இருக்கேன். தனியா வீடு எடுத்திருக்கேன்."

பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியா..." என்று இழுத்து, "சரி, சாப்பிடு. எலும்பா கெடக்க" என்று தன் இலையிலிருந்து ஒரு துண்டுக் கறியை எடுத்து என் இலையில் வைத்தார். சம்பந்தி வீட்டுப் பெண்களில் ஒருத்தி எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தாள். பந்தி நடந்தது. அண்ணன் வாளியை மேசைமேல் வைத்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே போய்விட்டான். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும் வரைக்கும் அவன் என் பக்கம் வரவில்லை.

அடுத்த நாள் காலை தூத்துக்குடிக்குக் கிளம்பும் முன் கடற்கரைக்குப் போனேன். கல்யாண அலுப்பில் அன்று அவன் கடலுக்குப் போகவில்லை. வள்ளத்து நிழலில் உட்கார்ந்து வலையைக் காலில் மாட்டிக்கொண்டு கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"நான் போயிட்டு வாரேன் அண்ணே."

"ம்."

நான் நின்றேன். அவனே பேசினான். வலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஊரு பேசுதது எனக்குப் பெருசு இல்ல. பேசிட்டுப் போட்டும். அன்னைக்கு வள்ளம் கவுந்துச்சே, நெனப்பிருக்கா?"

இருந்தது. அப்போது நான் வடக்கே ஒரு மடத்தில் இருந்தேன். அவன் பிழைத்து வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

"விடியுற வரைக்கும் கவுந்த வள்ளத்தப் பிடிச்சிட்டுக் கிடந்தேன். கை மரத்துப்போச்சு. விட்டுரலாம்னு வரும். அப்பல்லாம், அங்கன ஒருத்தி வெள்ளச் சேலையோட நமக்காவ முழங்கால் போட்டு இருக்கான்னு நெனச்சுக்கிடுவேன். அந்த நெனப்புதான் விட விடல. இப்பக் கடல்ல போயி நெனச்சுப் பாக்கேன். அங்கன யாரையும் காணல."

மணலில் உட்கார்ந்தேன். இத்தனை மாதம் அவன் கோபமாக இருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

"நான் இப்பவும் செபம் சொல்லுதேன் அண்ணே. முழங்கால் போடுறது கொறஞ்சிருச்சு. காலையில குசினியில நின்னுக்கிட்டுத்தான் சொல்லுதேன். அரிசி களையும்போது ஒன் பேரச் சொல்லுவேன்."

அவன் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான். "குசினியிலயா?"

"ஆமா."

"அது கேக்குமா?"

கேட்கும் என்று சொல்லியிருக்கலாம். மடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். "எனக்குத் தெரியல" என்றேன். "ஆனா விடாமச் சொல்லுதேன்."

அவன் மறுபடி வலையில் குனிந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மதினி மேட்டிலிருந்து கூப்பிட்டாள். நான் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு அவன் வருகிறான். என்ஜின் சாமான், வலைச் சாமான் வாங்கத் தூத்துக்குடிக்கு வரும்போதெல்லாம் கீழே பைக்கை நிறுத்திவிட்டுப் போன் பண்ணுவான். "கீழ வா" என்பான். ஒரு பையில் மீன் இருக்கும். சில நாள் சாளை, சில நாள் பாறை. நான் நைட்டியும் துண்டுமாக இறங்கிப் போனாலும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. "மேல வந்துட்டுப் போ" என்பேன். "நேரமாச்சு" என்பான். அதோடு சரி. மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் என்ன பேசுவது என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

போன தடவை பைக்கை எடுத்தவன் மறுபடி அணைத்தான்.

"அடுத்த மாசம் என்ஜினக் கழட்டி இங்கன ஒர்க் ஷாப்புல போடணும். ரெண்டு மூணு நாள் கெடக்க வேண்டி வரும்" என்றான்.

"மேல சின்ன ரூம் சும்மாத்தான் கெடக்கு."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்த வாரமே ஒரு பாயும் தலையணையும் வாங்கி அந்த அறையில் போட்டேன். ஜன்னலுக்குத் திரை தைக்கக் கொடுத்திருக்கிறேன். அவன் வருவானா என்று மதினியிடம் கேட்டேன். "அவரு பையில மாத்திக் கட்ட ஒரு சாரமும் துண்டும் எடுத்து வச்சிருக்காரு, எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்காரு" என்றாள். இன்னும் வரவில்லை.